வராத மளிகைக்குப் "பதுக்கல்" பட்டம் வேறா?

அனுப்புநர்:
உங்கள் நான்கு வருட வாடிக்கையாளர்,
பெரம்பூர், சென்னை.

பெறுநர்:
குறைதீர்க்கும் அலுவலர்,
இணையவழி மளிகை விற்பனைப் பிரிவு.

நாள்: 03.06.2021

பொருள்: மே 23 அன்று தருவதாக உறுதி செய்த மாத மளிகையைத் தராமல் இரவு 9.17-க்கு ரத்து செய்தது, பணத்தை வங்கிக்குத் திருப்பாதது, என்னைப் பதுக்கல்காரி ஆக்கியது குறித்து.

ஐயா / அம்மா,

உங்கள் நிறுவனத்திலிருந்து மே 26-ஆம் தேதி எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "சில வாடிக்கையாளர்கள் தேவைக்கு அதிகமாக வாங்கிக் குவிப்பதால் ஏற்பட்ட தட்டுப்பாடு காரணமாக உங்கள் ஆர்டர் ரத்தானது. பொறுப்புடன் வாங்குங்கள்" என்று அதில் இருந்தது. மளிகை வராததைக்கூட ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். இந்தக் கடைசி வரியை மறக்க முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் நான் எவ்வளவு "குவித்தேன்" என்று பார்த்துவிடலாம். பொன்னி புழுங்கல் 10 கிலோ, இட்லி அரிசி 5 கிலோ, உளுந்து 2, துவரம் பருப்பு 2, பாசிப்பருப்பு 1, கோதுமை மாவு 5, கடலை எண்ணெய் 3 லிட்டர், நல்லெண்ணெய் 1, சர்க்கரை 2, புளி 1 கிலோ, மிளகாய் வத்தலும் தனியாவும் அரை அரை கிலோ, டீத்தூள், காபித்தூள், ஓட்ஸ், இரண்டு சோப்பு. மொத்தம் 3,870 ரூபாய். வீட்டில் ஐந்து பேர். போன வருடம் இதே மாதம் உங்களிடம் போட்ட ஆர்டரை எடுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட இதே பட்டியல்தான் இருக்கும். உங்கள் ஆப்பே "முந்தைய ஆர்டரை மறுபடி போடவா?" என்று கேட்டது, நான் ஆமாம் என்று தட்டினேன். இது பதுக்கல் என்றால் எங்கள் தெருவில் பதுக்காத வீடே கிடையாது.

இதில் இன்னொரு வேடிக்கை. மே 20 காலையில் உங்களிடமிருந்து வந்த குறுஞ்செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது: "ஊரடங்கு கவலையா? இப்போதே ஸ்டாக் பண்ணுங்க! 10 கிலோ அரிசிக்கு 1 கிலோ சர்க்கரை இலவசம்!" நான் அதைப் பார்த்து ஆர்டர் போடவில்லை, மாதக் கடைசி என்பதால் போட்டேன். ஆனால் காலையில் ஸ்டாக் பண்ணச் சொல்லிவிட்டு ஆறாம் நாள் பொறுப்பாக இரு என்று பாடம் எடுப்பவர்களிடம் என்ன சொல்வது?

அந்த வாரம் ஊர் எப்படி இருந்தது என்று உங்களுக்கும் தெரியும். தமிழ்நாட்டில் ஒரே நாளில் தொற்று 36 ஆயிரத்தைத் தாண்டிய நேரம். மளிகைக் கடைகள் காலை 6 முதல் 10 மணி வரைதான். என் மாமனாருக்கு 78 வயது, சர்க்கரை உண்டு. 2020 ஏப்ரலில் சென்னையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்தபோது, அதற்கு முந்தைய சனிக்கிழமை கடைத்தெருவில் நின்ற கூட்டத்தில் என் கணவரும் ஒருவர். மூன்று மணி நேரம் நின்று வந்தவர், பிறகு பத்து நாள் தும்மல் வந்தால்கூடத் தனி அறையில் போய் உட்கார்ந்துகொள்வார். அதிலிருந்துதான் கூட்டத்தில் நிற்கக்கூடாது, நாலு நாள் முன்னாலேயே ஆன்லைனில் போட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். இந்த முறையும் எந்த அறிவிப்புக்கும் முன்பே, மே 20 இரவே போட்டேன். பணம் அப்போதே வங்கிக் கணக்கிலிருந்து போய்விட்டது. "உறுதி செய்யப்பட்டது. ஞாயிறு (மே 23) காலை 10 முதல் 1 மணிக்குள்" என்று பதில் வந்தது.

மே 22 சனிக்கிழமை அரசு அறிவிப்பு வந்தது. 24-ஆம் தேதியிலிருந்து ஒரு வாரம் தளர்வில்லாத ஊரடங்கு, மளிகைக் கடையும் திறக்காது. சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் இரவு 9 மணி வரை மட்டும் கடை. என் கணவர் பையை எடுத்துக்கொண்டு செருப்பைக்கூட மாட்டிவிட்டார். "நாளைக்கு வந்துடும், எதுக்குக் கூட்டத்துல போய் நிக்கிறீங்க" என்று தடுத்தது நான்தான். உங்கள் உறுதிச் செய்தியை அவரிடம் நீட்டியும் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நேரத்தோடு சொல்கிறேன். ஸ்கிரீன்ஷாட்கள் இணைத்திருக்கிறேன்.

பகல் 12.40-க்கு "உங்கள் ஆர்டர் கிளம்பிவிட்டது" என்று செய்தி. ஆப்பில் வரைபடம் திறந்தது, அதில் சின்னதாக ஒரு பைக். மாதவரம் பக்கம் ஒரு முனையில் நின்றது. ஒரு மணிக்கும் அங்கேயே, இரண்டுக்கும் அங்கேயே. என் சின்னவன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போனைப் பிடுங்கிப் பார்த்து "வண்டி நகரவே இல்லம்மா" என்று அறிவித்துக்கொண்டிருந்தான்.

நாலு மணிக்கு எங்கள் தெருமுனைக் கடை அண்ணாச்சி போன் செய்தார். பதினைந்து வருடப் பழக்கம், இப்போதும் அவசரத்துக்குத் தயிரும் கறிவேப்பிலையும் அவரிடம்தான். "ஏம்மா, உளுந்து கடைசி மூட்டை பிரிச்சாச்சு. ரெண்டு கிலோ எடுத்து வைக்கட்டுமா? துவரையும் கொஞ்சம்தான் கெடக்கு" என்றார். நான் சொன்ன பதில் இது: "வேண்டாம் அண்ணாச்சி, ஆன்லைன்ல சொல்லியிருக்கேன், வண்டி வந்துட்டே இருக்கு. வேற யாருக்காவது குடுங்க." அவர் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிட்டார். இந்தப் புகாரில் முக்கியமான இடம் இதுதான், தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். பதுக்குகிறவள் வீடு தேடி வந்த உளுந்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்வாளா?

ஐந்தரை மணிக்கு உங்கள் வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டேன். 22 நிமிடம் இசை கேட்டேன். பிறகு பேசிய பெண், "ஒன்பது மணிக்குள் கண்டிப்பாக வந்துவிடும் மேடம்" என்றார். கண்டிப்பாக என்ற சொல்லை மூன்று முறை சொன்னார்.

எட்டு இருபதுக்குத்தான் ஆப்பில் டெலிவரி செய்பவரின் எண் தெரிந்தது. எடுத்த தம்பி நல்ல பையன். மூச்சு வாங்கிக்கொண்டே, "அக்கா, அந்த ஆர்டரே என் கைக்கு வரலக்கா. குடோன்ல மத்தியானமே அரிசி, பருப்பு எல்லாம் காலி. எங்களை வேற லோடுல போட்டுட்டாங்க. ஆப்புல ஏன் அப்படிக் காட்டுதுன்னு தெரியலக்கா" என்றார். அவர் எண்ணை இந்தக் கடிதத்தில் வேண்டுமென்றே தரவில்லை. உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான், அதற்காக அவருக்கு எந்த நோட்டீசும் போகக்கூடாது.

எட்டரைக்கு என் கணவர் ஓடினார். அண்ணாச்சி பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, உள்ளே நின்ற நாலு பேருக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கிடைத்தது ரவை ஒரு கிலோ, பச்சரிசி அரை கிலோ, பிஸ்கட் இரண்டு பாக்கெட். உளுந்து போய்விட்டது, துவரம் பருப்பு போய்விட்டது, கோதுமை மாவு அன்று காலையே இல்லையாம். ஊரில் கடையெல்லாம் மூடிய பிறகு 9.17-க்கு உங்கள் செய்தி வந்தது: "தவிர்க்க முடியாத காரணத்தால் உங்கள் ஆர்டர் ரத்து செய்யப்பட்டது."

சரக்கு தீர்ந்து போனதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. 2020 மார்ச் 24 இரவு 21 நாள் ஊரடங்கு என்று பிரதமர் அறிவித்தபோது உங்கள் ஆப் இரண்டு நாள் திறக்கவே இல்லை. அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறேனா? நாடே திகைத்து நின்ற நேரம், யாரைக் குறை சொல்வது என்று விட்டுவிட்டேன். இந்த முறை விஷயம் வேறு. மதியமே இல்லை என்று தெரிந்த பொருளை வண்டியில் வருவதாகக் காட்டியிருக்கிறீர்கள். மதியம் ஒரு வரி அனுப்பியிருந்தால் எனக்கு எட்டு மணி நேரம் இருந்தது. நாலு மணிக்கு அண்ணாச்சியிடம் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். அந்தக் கடைசி எட்டு மணி நேரத்தைப் பூட்டி வைத்தது உங்கள் வரைபடத்தில் நின்ற அந்தப் பொய் பைக்தான்.

அப்புறம் அந்த வாரம். பட்டினி கிடந்தோம் என்று சொன்னால் அது பொய். ரேஷன் அரிசி இருந்தது. தெருவில் காய்கறி வண்டி வந்தது. உளுந்து டின்னில் அடியில் இருந்தது ஒரு ஆழாக்கு. அதை வைத்து ஒரு தடவை மாவு அரைத்தேன். இட்லி தட்டிலிருந்து எடுக்கும்போதே கல் மாதிரி சத்தம் கேட்டது, மறுநாள் அதையே உதிர்த்துத் தாளித்தேன். துவரம் பருப்பு புதன்கிழமையோடு முடிந்தது. பிறகு பருப்பில்லாத ரசம், புளிக்குழம்பு, ரவை உப்புமா, மறுபடி ரவை உப்புமா. வெள்ளிக்கிழமை எதிர்வீட்டு அக்கா சுவர் மேல் ஒரு டப்பா வைத்துவிட்டுத் தள்ளி நின்று கூப்பிட்டார். உள்ளே உளுந்து, அவர்கள் வீட்டுக்கே போதாத அளவில் பாதி. வாங்கிக்கொள்ளும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. இருபது வருடக் குடித்தனத்தில் பருப்புக்குக் கை நீட்டியது அன்றுதான். மாமனாருக்கு ராத்திரி சப்பாத்திதான் வழக்கம். மாவு இல்லாமல் அவரும் உப்புமாவே சாப்பிட்டார். அவருக்குச் சர்க்கரை ஏறியது உண்மை. ஆனால் அதற்கு உப்புமாதான் காரணம் என்று நிரூபிக்க முடியாது என்பதால் அதை உங்கள் கணக்கில் எழுதவில்லை.

மே 31-லிருந்து போனில் சொன்னால் மளிகைக் கடைக்காரர்கள் வீட்டில் கொண்டுவந்து தரலாம் என்று அரசு அனுமதித்தது. அன்றே அண்ணாச்சி டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்து இறக்கிவிட்டுப் போனார். ஆப் இல்லை, வரைபடம் இல்லை. "பதினொரு மணிக்கு வருவேம்மா" என்றார், பதினொன்றே காலுக்கு வந்தார்.

இனி பணம். 3,870 ரூபாயை உங்கள் ஆப்பில் உள்ள "பணப்பை"யில் போட்டு, 30 நாளுக்குள் உங்களிடமே செலவழிக்க வேண்டும் என்கிறீர்கள். நான் கொடுத்தது வங்கிக் கணக்கிலிருந்து. ரத்து செய்தது நீங்கள். அந்தப் பணம் அதே கணக்குக்குத்தான் வர வேண்டும். இந்த மாதம் அண்ணாச்சிக்குக் கொடுக்க அதைத்தான் நம்பியிருந்தேன்.

இன்னொரு சின்னக் கணக்கும் இருக்கிறது. கடந்த பிப்ரவரியில் ஊருக்குப் போக வேண்டி வந்ததால் ஒரு ஆர்டரை நான் ரத்து செய்தேன். ரத்துக் கட்டணம் என்று 49 ரூபாய் பிடித்தீர்கள். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகளைப் படித்துப் பார்த்தேன். நீங்களாக ஒரு ஆர்டரை ரத்து செய்யும்போது அதே மாதிரிக் கட்டணத்தை நீங்களும் ஏற்பதாக இருந்தால்தான் வாடிக்கையாளரிடம் ரத்துக் கட்டணம் வாங்கலாம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஆகவே ஒன்று, பிப்ரவரியில் பிடித்த 49-ஐத் திருப்புங்கள். இல்லை, மே 23-க்காக எனக்கு 49 கொடுங்கள். எந்த 49 என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள், எனக்கு வர வேண்டும். அதே விதிகளில் புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. மே 24-ல் நான் அனுப்பிய முதல் புகாருக்கு வந்த பதில் அந்தப் பதுக்கல் மின்னஞ்சல். 28-ல் அனுப்பிய இரண்டாவதற்கு இன்றுவரை ஒன்றும் இல்லை.

பணத்தோடு இன்னும் இரண்டு வேண்டும். அந்த மின்னஞ்சலைத் திரும்பப் பெற்று, அது என்னைப் பற்றியது அல்ல என்று ஒருவர் பெயரிட்டு எழுத வேண்டும். கணினி அனுப்பும் "வருந்துகிறோம்" வேண்டாம். அடுத்து, கிடங்கில் சரக்கு இல்லாத நிமிடமே அதை ஆர்டர் போட்டவருக்குச் சொல்ல உங்கள் ஆப்பில் என்ன மாற்றம் செய்யப் போகிறீர்கள் என்று தெரிய வேண்டும். மறுபடி ஒரு ஊரடங்கு வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஜூன் 24-க்குள் இவை நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. 3,870 ரூபாய்க்கா இவள் இவ்வளவு தூரம் போவாள் என்று நினைக்க வேண்டாம். மிச்சம் 49-ம் இருக்கிறது.

இணைப்பு: ஆர்டர் உறுதிச் செய்தி, பணம் செலுத்திய ரசீது, பகல் 12.40 முதல் இரவு 9.17 வரை வரைபடத்தின் ஏழு ஸ்கிரீன்ஷாட்கள், மே 20 குறுஞ்செய்தி, மே 26 மின்னஞ்சல்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உங்கள் ஆப்பிலிருந்து ஒரு செய்தி: "உங்கள் பணப்பையில் உள்ள 3,870 ரூபாய் 20 நாளில் காலாவதியாகும். விரைந்து ஷாப்பிங் செய்யுங்கள்!" சரி, என்னதான் வைத்திருக்கிறார்கள் என்று உளுந்தைத் தேடிப் பார்த்தேன். இருப்பு இல்லை.