வயிற்றில் பிள்ளையோடு நோன்பிருக்கும் மகளுக்கு

அன்பு மகளே, அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று போனில் உன் குரலே காய்ந்து கிடந்தது. லேசான தலைசுற்றல்தான் என்று சமாளித்தாய். மாப்பிள்ளையிடம் தனியாகக் கேட்டேன். டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் நீ விடாமல் நோன்பு பிடிக்கிறாயாம். போனில் கண்டித்தால் அழுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

சின்ன வயதில் ஒரு நாள் நோன்போடு மறந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு, நோன்பு போய்விட்டது என்று தேம்பினாயே, நினைவிருக்கிறதா? மறந்து சாப்பிட்டவர் நோன்பை முழுமையாக்கட்டும், அவருக்கு உண்ணவும் பருகவும் கொடுத்தது அல்லாஹ்தான் என்ற நபிமொழியை வாப்பா சொன்ன பிறகுதான் அழுகையை நிறுத்தினாய். அன்று அந்தச் சலுகையை ஏற்றுக்கொண்டவள், இன்று இதை ஏன் மறுக்கிறாய்?

நோயாளியும் பயணியும் விட்ட நாட்களை வேறு நாட்களில் நோற்கலாம் என்று குர்ஆனில் பகரா சூராவின் 184, 185 வசனங்கள் சொல்கின்றன. அல்லாஹ் உங்களுக்கு இலகுவை நாடுகிறான், சிரமத்தை நாடவில்லை என்பதும் அந்த 185-இல்தான் வருகிறது. கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் சலுகை உண்டென்று ஹதீஸ் இருக்கிறது. அப்புறம் என்ன வீம்பு?

கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஷாஃபி மத்ஹபில், அதாவது அந்தச் சட்டப் பிரிவில், உன் உடம்புக்குப் பயந்து விட்டால் கழா மட்டும், அதாவது விட்டதை வேறு நாளில் நோற்பது மட்டும் போதும். பிள்ளைக்கு மட்டும் பயந்து விட்டால், கழாவோடு நாளொன்றுக்கு முத்து என்கிற அளவில் ஒன்று தானியம் ஏழைக்குக் கொடுக்க வேண்டும். இரு கையும் சேர்த்து அள்ளினால் வருகிற அளவுதான் அது. ஹனஃபி மத்ஹபில் இரண்டுக்குமே கழா மட்டும்தான்.

உன்னைச் சுமந்தபோது நான் 17 நோன்பு விட்டேன். பகல் குறுகிய மாதங்களில் வாரத்துக்கு ஒன்று, இரண்டாகப் பிடித்து அடைத்தேன். கடைசி மூன்று நோன்பும், ரமளானுக்கு முந்தைய மாதமான ஷஅபானில்தான் முடிந்தது. நபியவர்களின் மனைவி ஆயிஷா நாயகியே விடுபட்டதை ஷஅபானில்தான் நோற்க முடிந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த நினைப்பில் எனக்கு வெட்கமே வரவில்லை.

டாக்டர் சரி என்று சொன்ன பிறகு பிடிப்பதானால், இப்போது செய்வதுபோல நள்ளிரவில் சாப்பிட்டுவிட்டுத் தூங்காதே. விடியலுக்கு முன் சாப்பிடும் சஹரில் பரக்கத், இறையருள் இருக்கிறது. ஒரு மிடறு தண்ணீராவது குடி. ஃபஜ்ர் என்ற வைகறைத் தொழுகை நேரம் வரும்வரை சாப்பிடலாம். நபியவர்களின் சஹருக்கும் தொழுகைக்கும் இடையில் ஏறக்குறைய 50 வசனங்கள் ஓதும் நேரம்தான் இருந்ததாம். நாளை நோன்பு பிடிக்கிறேன் என்ற நிய்யத்தை இரவிலேயே வைத்துவிடு. சூரியன் மறைந்து மஃக்ரிப் ஆனதும் தாமதிக்காமல் பேரீச்சம்பழத்திலோ தண்ணீரிலோ திற. தொழுதுவிட்டுத் திறக்கலாம் என்று காத்திருக்காதே.

எச்சிலை விழுங்கினால் நோன்பு முறியாது. தானாக வந்த வாந்தியாலும் முறியாது. வேண்டுமென்றே வாந்தி எடுத்தால்தான் முறியும். இதற்கெல்லாம் பயந்து பகல் முழுக்கத் துப்பிக்கொண்டிருக்காதே, தொண்டை இன்னும் காயும்.

மாப்பிள்ளை நோன்போடு இருக்கும்போது எப்படிச் சாப்பிடுவது என்று கூச்சப்படுவாய், தெரியும். அவரே தட்டெடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். நாளைக் காலை வயிறாரச் சாப்பிட்டுவிட்டு எனக்குப் போன் செய். என்ன சாப்பிட்டாய் என்று கேட்பேன்.

உன் உம்மா