உன் மகள் பார்வை ஆய்வகத்தில் சேரலாமா?

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பா உடம்பு தேறி, யார் துணையும் இல்லாமல் நடமாடத் தொடங்கிவிட்டார் என்று படித்ததும் பெரிய ஆறுதல். நான் கேட்டதாகச் சொல். இங்கே நான் நலம். மானிய விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்குவதால் வேலை கழுத்தை நெரிக்கிறது. பேராசிரியரும், முனைவர் பட்டம் முடித்துவிட்டு ஆய்வு செய்யும் போஸ்ட்டாக் இருவரும் தூங்குகிறார்களா என்றே தெரியவில்லை.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். இயற்பியல் முடித்தவள், பார்வை நரம்பியல் ஆய்வகத்தில் சேர வேண்டும் என்கிறாள். மருத்துவமும் படிக்கவில்லை, உயிரியலும் படிக்கவில்லை, அங்கே போய் என்ன செய்வாள் என்று உனக்குக் கவலை. அந்தக் கவலை வேண்டாம். எங்கள் லேபில் மருத்துவம் படித்தவர்கள்தான் குறைவு. உளவியல், கணிதம், மின் பொறியியல், கணினி என்று ஆளுக்கொரு திசையிலிருந்து வந்தவர்கள்தான் இங்கே அதிகம். பார்வை ஒளியில் தொடங்குகிறது, அப்புறம் மின் துடிப்பாக மாறி மூளைக்குப் போகிறது, கடைசியில் ஒருவர் "தெரிகிறது" என்கிறார். இந்த மூன்றையும் ஒருவரே முழுக்கப் படித்திருக்க முடியாது. அதனால் ஒருவரை ஒருவர் கேட்டுத்தான் வேலை நடக்கிறது. கேட்கக் கூச்சப்படுபவர்கள்தான் இங்கே திணறுகிறார்கள்.

1942-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹெக்ட், ஷ்லேர், பிரென் என்ற மூவர் செய்த சோதனையை அவளிடம் சொல். மனிதக் கண்ணுக்குத் தெரியக்கூடிய மிக மங்கலான ஒளி எவ்வளவு என்று அளந்தார்கள். இருட்டறையில் அரை மணி நேரத்துக்கு மேல் கண்ணைப் பழக்கிவிட்டு, ஆயிரத்தில் ஒரு விநாடி மட்டும் ஒளியைப் பாய்ச்சினார்கள். கணக்குப் போட்டால், விழித்திரை 5 முதல் 14 ஃபோட்டான்களை, அதாவது ஒளியின் மிகச் சிறிய துகள்களை, உள்வாங்கினாலே போதும், மனிதருக்கு வெளிச்சம் தெரிகிறது. இருட்டில் உட்கார்ந்து பதில் சொன்னவர்களில் அந்த மூவரும் இருந்தார்கள். இன்றும் அதே வழக்கம். புதுச் சோதனை எதுவானாலும் முதலில் அதை எழுதியவர்தான் போய் உட்கார வேண்டும்.

உட்காருவது என்றால் என்ன என்று சொல்கிறேன். சின்ன இருட்டறை. மோவாயைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் பதித்து, திரையின் நடுவில் உள்ள புள்ளியையே பார்க்க வேண்டும். கண் எங்கே போகிறது என்பதை ஒரு கேமரா விநாடிக்கு 1000 முறை குறித்துக்கொள்ளும். சாம்பல் நிறத் திரையில் மங்கலான கோடுகள் ஒரு கணம் வந்து மறையும். இடப்பக்கம் சாய்ந்ததா, வலப்பக்கமா? ஒரு விசையை அழுத்த வேண்டும். சரியாகச் சொல்லச் சொல்லக் கோடுகள் இன்னும் மங்கும். தவறினால் கொஞ்சம் தெளியும். இப்படி ஏறி இறங்கி, ஒருவரால் அதற்குமேல் பார்க்க முடியாத இடத்தில் வந்து நிற்கும். பலரும் வெளியே வந்து, "எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, சும்மா அழுத்தினேன்" என்பார்கள். தரவைத் திறந்து பார்த்தால், குருட்டாம்போக்கில் அழுத்தினால் கிடைக்கக்கூடியதைவிட நன்றாகவே சொல்லியிருப்பார்கள். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது சிலிர்ப்புதான்.

எங்கள் லேபில் இந்த ஆண்டு ஒரு பெரிய மாற்றம். கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்ப உதவியாளர் ஓய்வு பெறுகிறார். இதை நினைத்தால்தான் எனக்கு மனம் கனக்கிறது. கணினியில் பிரகாசத்தின் எண்ணை இரட்டிப்பாக்கினால் திரையிலிருந்து வரும் ஒளி இரட்டிப்பாகாது, தெரியுமா? ஒவ்வொரு படியிலும் உண்மையில் எவ்வளவு ஒளி வருகிறது என்று ஒளிமானியை வைத்து அளந்து, அதற்கேற்ப ஓர் அட்டவணை போட்டுக் கொடுக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால், மங்கலான கோடு என்று நாம் எழுதுவதும் திரையில் தெரிவதும் வேறு வேறாகிவிடும். அவர் திரையைப் போட்டு, சூடேறி ஒளி நிலைக்கும்வரை காத்திருப்பார். கதவின் கீழ் வெளிச்சம் கசிகிறதா என்று குனிந்து பார்ப்பார். அப்புறம்தான் அளப்பார். அவசரப்படுத்தினால் ஒரு வார்த்தை பேசமாட்டார்; வேகத்தையும் கூட்டமாட்டார். அப்படிப்பட்டவரின் பெயர் பெரும்பாலான கட்டுரைகளில் கடைசியில், நன்றி சொல்லும் வரியில்தான் வருகிறது. இது சரியில்லை என்று நான் லேப் கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன். இப்போது பல ஆய்விதழ்கள் யார் என்ன செய்தார் என்று தனியாக எழுதச் சொல்கின்றன. நல்ல தொடக்கம்தான், ஆனால் ஆசிரியர் பட்டியலுக்குள் வந்தவர்களுக்கே அதிலும் இடம் உண்டு.

இன்னொன்றையும் அவள் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். பார்வை ஆய்வில் விலங்குகளை வைத்துச் செய்யும் வேலை நிறைய. நாங்கள் மனிதர்களோடு மட்டும் வேலை செய்கிறோம், ஆனால் நாங்கள் நிற்கும் தரை அந்த ஆய்வுகள் போட்டது. ஹூபெல், வீசல் என்ற இரண்டு நரம்பியல் ஆய்வாளர்கள் 1950-களின் இறுதியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், பூனையின் மூளையில் மின்முனை வைத்து, ஒரே ஒரு நரம்பணுவின் துடிப்பைக் கேட்டார்கள். புள்ளிகளைக் காட்டிக் காட்டிப் பார்த்தும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. புள்ளியைத் திரையில் காட்டப் பயன்படுத்திய கண்ணாடித் தகட்டை மாற்றும்போது அதன் விளிம்பின் நிழல் திரையில் நகர்ந்தது. நரம்பணு படபடவென்று துடித்தது. அந்தச் சாய்வில் உள்ள கோட்டுக்குத்தான் அது காத்திருந்தது. அடுத்து, குட்டியாக இருக்கும்போதே ஒரு கண்ணைச் சில மாதங்கள் மூடிவைத்தால், பிறகு திறந்தாலும் மூளை அந்தக் கண்ணுக்குப் பெரும்பாலும் பதில் சொல்வதில்லை என்று கண்டார்கள். வளர்ந்த பூனைக்கு அப்படி ஆவதில்லை. 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது. பிறவிக் கண்புரை உள்ள குழந்தைக்கு ஏன் தாமதிக்காமல் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்பதன் காரணம் இதனால்தான் விளங்கியது. பலன் பெரிது. ஆனால் அந்தப் பூனைக்குட்டிகளையும் மறந்துவிட்டுப் பேச எனக்கு மனம் வருவதில்லை. நெறிமுறைக் குழு அனுமதித்தாலும், தன்னால் இதைச் செய்ய முடியுமா என்று அவளேதான் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். முடியாது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை, மனிதர்களை வைத்துச் செய்யும் லேப்கள் ஏராளம். விலங்கு ஆய்வகத்துக்கே போவதானால், அங்கே விலங்குகளைப் பராமரிப்பவர்களிடம் கட்டாயம் பேசட்டும். விடுமுறை நாளிலும் உணவும் தண்ணீரும் கொடுக்க வருபவர்கள் அவர்கள்தான். அந்த இடம் எப்படிப்பட்டது என்று அவர்களைவிட யாருக்கும் தெரியாது.

நிரல் எழுதத் தெரிந்தால் நல்லது. பைத்தான் போதும், மேட்லாப் கொஞ்சம் தெரிந்தால் இன்னும் நல்லது. மற்றதெல்லாம் வந்து கற்றுக்கொள்ளலாம். பேராசிரியரின் பெயரைப் பார்த்து மட்டும் லேபைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். நேரில் போய், அவர் அறையில் இல்லாத நேரத்தில் மாணவர்களோடு உட்கார்ந்து பேசட்டும். போன மாதம் சோதனை சொதப்பியபோது என்ன நடந்தது என்று கேட்கட்டும். தயங்காமல் சொன்னார்கள் என்றால் நல்ல இடம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால் வேறு இடம் பார்க்கலாம். அங்கே படித்து முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள், எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்பதையும் விடாமல் கேட்கச் சொல்.

விண்ணப்பம் அனுப்புவதற்கு முன் அவள் எழுதியதை எனக்கு ஒரு முறை அனுப்பட்டும், படித்துவிட்டுச் சொல்கிறேன். எங்கள் மானிய வேலை இந்த மாதக் கடைசியில் முடிந்துவிடும், அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் என்னைக் கூப்பிடலாம்.

அன்புடன்,
உன் தோழி