அழித்த படம் எங்கே போகிறது?

ஆசிரியருக்கு,

பொது இடத்தில் முன்பின் தெரியாதவரைப் படமெடுப்பது பல நாடுகளில் குற்றமல்ல. அதற்காக, எடுக்கப்படுபவர் சம்மதித்துவிட்டார் என்று ஆகாது.

கேட்டுவிட்டு எடுத்தால் இயல்பு கெடும் என்பார்கள். சரி, எடுத்த கையோடு திரையைக் காட்டிக் கேட்கலாமே! 35 மி.மீ. லென்ஸில் ஒருவரின் முழு உருவம் சட்டகத்தை நிரப்ப, ஏறக்குறைய 2 மீட்டரில் நிற்க வேண்டும். அவருக்கு நாம் தெரிவோம். அவர் முகம் சுளித்தால் நமக்கும் தெரியும். தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டும் 200 மி.மீ. லென்ஸோ 10 மீட்டருக்கு அப்பாலிருந்தே வேலையை முடித்துவிடும். மறுக்கும் வாய்ப்பே அவருக்கு இல்லை.

'அழித்துவிடுங்கள்' என்றால் அவர் கண்முன்னே அழிக்க வேண்டும். ஆனால் ஐபோனில் அழித்த படம் 'சமீபத்தில் நீக்கியவை' பகுதியில் 30 நாள் வரை கிடக்கும். அங்கும் நீக்கினால்தான் உண்மையில் போகும்.

படத்தைப் பகிருமுன் முகத்தை மறைப்பதிலும் கோளாறு வருகிறது. போனில் படத்தின் மேல் வரைய உதவும் ஹைலைட்டர் தூரிகையால் பூசிய கறுப்பு பாதி ஊடுருவக்கூடியது. வெளிச்சத்தைக் கூட்டினால் முகம் எட்டிப்பார்க்கும். முழுக் கறுப்புக் கட்டம் வைத்துப் புதிய படமாகச் சேமிக்க வேண்டும். அப்போதும் பள்ளிச் சீருடையும் வண்டி எண்ணும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். படம் எடுத்த இடத்தைச் சொல்லும், கோப்பிலுள்ள ஜி.பி.எஸ். தகவல் இன்னும் மோசம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது உதிர்ந்துவிடும், ஆவணமாக அனுப்பினால் அப்படியே போய்ச்சேரும்.

தூங்குபவரிடமும் அழுபவரிடமும் கேட்க முடியாது. அங்கே கேமராவை இறக்கிவிடுவதே முறை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்