நான் மயக்கத்தில் கிடந்தபோது எனக்காகப் பாடுபட்டவர்களுக்கு

மலக்குடலின் மேல்பகுதியில் இருந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் எடுத்த ஸ்கேனிலும் நோய் திரும்பியதற்கான அடையாளம் இல்லை. இவ்வளவு நாள் நான் நன்றி சொல்லாததற்குப் பயம்தான் காரணம். சொன்ன மறுநாளே திரும்ப வந்துவிட்டால்? அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அது போகும்வரை காத்திருந்தால் உங்களுக்கு எப்போதுதான் சொல்வது?

டாக்டர், அறுவைக்கு முந்தின சாயங்காலம் உங்களிடம் கேட்டேன்: "கட்டியையே எடுத்துவிட்டால் அப்புறம் எங்கிருந்து வரும்?" நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு தாளில் குடலை வரைந்தீர்கள். கட்டியிலிருந்து செல்கள் குடலுக்குள்ளேயே உதிர்ந்து கிடக்கும். வெட்டிய இரண்டு முனைகளைச் சேர்க்கும்போது அவை அந்த இணைப்பில் சிக்கிக்கொண்டால் அங்கேயே வளர வாய்ப்புண்டு. அதனால் கட்டிக்குக் கீழே கிடுக்கி போட்டு அடைத்து, ஆசனவாய் வழியாகத் திரவம் விட்டு, மிச்சமிருக்கும் மலக்குடலை நன்றாக அலசிய பிறகுதான் முனைகளைச் சேர்த்துத் தைக்கும் ஸ்டேப்லர் கருவியை வைப்போம் என்றீர்கள். வயிற்றைத் திறந்த இடத்தின் ஓரங்களுக்கும் பிளாஸ்டிக் உறை போடுவோம் என்றீர்கள்.

ரத்தத்தில் கலந்து போகும் செல்களைப் பற்றியும் மறைக்காமல் சொன்னீர்கள். அவற்றில் பெரும்பாலானவை செத்துவிடும், விதை விழுந்த இடமெல்லாம் முளைக்காது, நிலமும் ஒத்துக்கொள்ள வேண்டும். 1889-இலேயே ஸ்டீபன் பேஜட் என்ற அறுவை மருத்துவர் இதை எழுதிவைத்தார் என்றீர்கள். "அலசிவிட்டால் வரவே வராது என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் செய்ய வேண்டியதில் ஒன்றையும் விட மாட்டேன்." அன்று இரவு நான் தூங்கியது இந்த வார்த்தையால்தான்.

அலசுவதற்குத் திரவம் எடுத்துக் கொடுத்த தியேட்டர் சிஸ்டர் யார் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் முகக்கவசத்தோடு இருந்திருப்பீர்கள், நான் மயக்கத்தில் இருந்தேன். உங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

நான் பார்த்தே இராத இன்னொருவர், வெட்டி எடுத்ததை நுண்ணோக்கியில் ஆராயும் நோய்க்குறியியல் மருத்துவர். எடுத்த குடலோடு வந்த கொழுப்பில் குறைந்தது 12 நிணநீர் முடிச்சுகளையாவது தேடிப் பார்க்க வேண்டுமாம். நீங்கள் 21 பார்த்தீர்கள். ஒன்றே ஒன்றில் புற்றுநோய் இருந்தது. அது கண்ணில் படாமல் போயிருந்தால் எனக்குக் கீமோ கொடுத்திருப்பார்களா என்பதே சந்தேகம்.

கீமோ நாட்களைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரல்களில் ஊசி குத்தும். தம்பி, தண்ணீர்க் குழாயைக்கூட என்னைத் தொடவிடாமல் எல்லாவற்றையும் நீயே செய்தாய். என் மனைவி ஆறு மாதம் மாத்திரை வேளைகளை ஒரு நோட்டில் குறித்துவைத்தாள். அந்த நோட்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது.

கடைசியாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சி.இ.ஏ. பரிசோதனைக்கு, அதாவது நோய் திரும்பினால் ரத்தத்தில் ஏறக்கூடிய ஒரு புரதத்தின் அளவைப் பார்க்க, ரத்தம் எடுக்கும் சிஸ்டர். ஒருமுறை அளவு லேசாக ஏறியிருந்தது. மறுபடி எடுக்க வந்தபோது என் கை நடுங்கியது. ஊசியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, நடுக்கம் நிற்கும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது, நீங்கள் அவசரப்படவில்லை. அந்த முறை அளவு இறங்கியிருந்தது.

அடுத்த பரிசோதனைக்கும் உங்களிடம்தான் வருவேன், சிஸ்டர்.