கண் அசைவுச் சிகிச்சைக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

அறை தந்த வீட்டாருக்கு முதல் நன்றி. ஓர் அமர்வுக்கு 60 முதல் 90 நிமிடம் ஆகும். நடுவில் கதவு தட்டினால் நினைவின் இழை அறுந்துவிடும். அந்த நேரமெல்லாம் வாசலில் அமைதி காத்தீர்கள்.

கொடிய நினைவுகளின் வலியைத் தணிக்கும் இந்தக் கண் அசைவுச் சிகிச்சையின் ஆங்கிலச் சுருக்கப் பெயர் இ.எம்.டி.ஆர். அப்பெயரைக் கேட்டதும் பலர் மனத்தில் நிற்பது விரலசைவுதான். ஆலோசகர் சற்றுப் பக்கவாட்டில் அமர்ந்து, முகத்துக்கு ஓரடி தள்ளி இரு விரல்களை இடமும் வலமுமாக 24 முறை போல அசைப்பார், அரை நிமிடம். பிறகு "மூச்சை இழுத்து விடுங்க. இப்ப என்ன தோணுது?" என்ற ஒரே கேள்வி. பாதிக்கப்பட்டவர் நடந்ததை விவரித்துச் சொல்லியே ஆகவேண்டும் என்பதில்லை. நினைவைப் பிடித்துக்கொண்டே விரலையும் பின்தொடரும்போது மனத்தின் கவனம் பங்கு போய், அந்தக் காட்சியின் கூர்மை மழுங்குகிறது என்பது பலர் ஏற்கும் விளக்கம். கண் வலித்தால் உள்ளங்கைகளில் மாறி மாறித் தட்டலாம்.

1987-ல் இதற்கு வித்திட்ட அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாபிரோவுக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். எட்டுக் கட்டங்களாக அவர் வகுத்த முறையில் விரலசைவு தொடங்குவதே நான்காவதில்தான். ஆயத்தத்தைத் தாண்டி நேரே கொடிய நினைவுக்குள் இறங்கினால் ஆள் உறைந்துபோவார். பதற்றத்தை 0 (துளியும் இல்லை) முதல் 10 (உச்சம்) வரை கேட்கும்போது 8 சட்டென்று 0 ஆனால் நாங்கள் மகிழ்வதில்லை. அது மரத்துப்போனதாகவும் இருக்கலாம். காலைத் தரையில் ஊன்றச் சொல்லி, அறையில் கண்ணில் படும் பொருள்களைப் பெயர் சொல்லவைத்து மீட்டபிறகே மேலே போகவேண்டும்.

சிகிச்சைச் சொற்களை மொழிபெயர்த்துத் தந்த நண்பர்களே, ஒருவர் தன்னைப் பற்றியே மனத்தில் சுமக்கும் வேதனையான எண்ணத்தைக் குறிக்கும் "எதிர்மறை நம்பிக்கை" என்ற சொல்லை அடித்துவிட்டு "எம்மேலதான் தப்பு" என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரிக்குப் பெரிய நன்றி. மனத்தில் உள்ளபடி இருந்தால்தான் அதை நகர்த்த முடிகிறது.

1997-ல் பாலின் புயல் தாக்கிய மெக்சிகோவின் அகபுல்கோவில், மார்பின் குறுக்கே கைகளை வைத்து மாறி மாறித் தட்டிக்கொள்ளும் 'பட்டாம்பூச்சி அணைப்பை' உருவாக்கிய லூசினா ஆர்ட்டிகாஸ், இக்னாசியோ ஹரேரோ இருவருக்கும் நன்றி.

குடும்பத்தாரே, அமர்வு முடிந்த ஓரிரு நாள் கெட்ட கனவு வரலாம், காரணமில்லாமல் அழுகை வரலாம். "உள்ளே என்ன சொன்னே?" என்று துருவாமல் சோறு போட்டு உறங்கவிட்டீர்கள். அடுத்தமுறை அழைத்துவரும்போது கனவுகளைக் குறித்த அந்த நோட்டையும் மறக்காமல் எடுத்துவாருங்கள்.

நன்றியுடன்,
ஆலோசகர்கள்