பங்க்ல எத்தனை சதவீதம் எத்தனால்னு எழுதிப் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல எத்தனால் (கரும்பு மாதிரி பயிர்லேர்ந்து எடுக்கற ஆல்கஹால்) கலந்த பெட்ரோல் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், அதுல எத்தனால் கலந்தாலே இன்ஜின் போயிடும்ங்கற மாதிரி எழுதியிருந்தாங்க, அதுக்குத்தான் இந்த கடிதம். நான் ஸ்ரீராம்புரத்துல பொறந்து வளர்ந்தவன், 26 வருஷமா பெங்களூருல மெக்கானிக் வேலை, இப்போ மத்திகெரேல சின்ன கராஜ் வச்சிருக்கேன், கார்புரேட்டர் காலத்துல ஆரம்பிச்சு இன்னிக்கு லேப்டாப் சொருகி டர்போ வண்டி டியூன் பண்ற வரைக்கும் வந்திருக்கேன். எத்தனால் மேல தப்பு இல்லீங்க. டாங்க்ல அது எவ்ளோ இருக்குன்னு வண்டிக்கும் தெரியல, ஓட்டறவனுக்கும் தெரியல, அதான் பிரச்சினை.

டர்போ வண்டிக்கு எத்தனால் ரொம்ப நல்ல ஃபியூயல், இத நான் மனசார சொல்றேன். டர்போ காத்தை அமுக்கி சிலிண்டர் உள்ள தள்ளும்போது சூடு ஏறும், சூடு ஏறுனா ஸ்பார்க் மூட்டின சுடர் வந்து சேரறதுக்கு முன்னாடியே மிச்ச பெட்ரோல் ஒழுங்கில்லாம தானா வெடிக்கும், அதத்தான் நாக்கிங்னு சொல்றோம். எத்தனால் ஆக்டேன், அதாவது நாக்கிங்க தாங்கற அளவு, 108 கிட்ட இருக்கு, நாம ரொம்ப வருஷம் போட்ட சாதா பெட்ரோல் 91தான். அது மட்டுமில்ல, எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலை விட ரெண்டு மடங்குக்கு மேல சூட்டை உறிஞ்சிக்கும், உள்ள போற காத்தே குளுந்துடும். அதனால பூஸ்ட், அதாவது டர்போ தள்ளற காத்தோட அழுத்தத்தை, கொஞ்சம் ஏத்தலாம், இக்னிஷன் டைமிங்க, அதாவது ஸ்பார்க் அடிக்கற நேரத்தை, முன்னாடி கொண்டு வரலாம், வண்டி சும்மா பறக்கும். பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல 900 மீட்டருக்கும் அதிக உயரத்துல இருக்கறதால இங்க காத்தோட அழுத்தமே பத்துல ஒரு பங்கு கம்மி, டர்போ இல்லாத வண்டிக்கு இங்க மூச்சு வாங்கும், அதான் நம்ம ஊரு பசங்களுக்கு டர்போ மேல அவ்ளோ ஆசை.

ஆனா ஒரு லிட்டர் எத்தனால்ல இருக்கற சக்தி ஒரு லிட்டர் பெட்ரோல்ல இருக்கறதுல மூணுல ரெண்டு பங்குதான். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காத்து வேணும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அப்போ அதே காத்துக்கு ஃபியூயல் அதிகமா ஊத்தணும், 85 சதவீத எத்தனால் ஓட்டணும்னா இன்ஜெக்டர் சுமார் 40 சதவீதம் அதிகமா ஊத்தணும். மெதுவா போகும்போது ஆக்ஸிஜன் சென்சார் பார்த்து ஈ.சி.யூ (இன்ஜினோட கம்ப்யூட்டர்) தானே சரி பண்ணிக்கும், இ20 (இப்போ பங்க்ல சாதாவா வர்ற, 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) போட்ட வண்டில ஸ்கேனர் சொருகினா ஃபியூயல் டிரிம், அதாவது ஈ.சி.யூ கூட்டிக் கொறைக்கற அளவு, கொஞ்சம் பிளஸ் பக்கம் போயிருக்கறது தெரியும், அதுல பயப்பட ஒண்ணுமில்ல. மிதிச்சு ஓட்டும்போதுதான் ஆபத்து, அப்போ பம்பும் இன்ஜெக்டரும் அவ்ளோ ஊத்த முடியலன்னா கலவை லீன் ஆயிடும், அதாவது காத்துக்கு ஏத்த ஃபியூயல் இருக்காது, பிஸ்டன் வெந்துடும்.

எங்கிட்ட வந்த ஒரு பையனோட கதைய சொல்றேன். ஒரு லிட்டர் மூணு சிலிண்டர் டர்போ வண்டி, ரெண்டு வருஷம்கூட ஆகல. ஆன்லைன்ல யாரோ வித்த டியூனிங் ஃபைலை வாங்கி ஈ.சி.யூல ஏத்தியிருக்கான், டாங்க்ல பாதி எத்தனால் இருக்கும்னு நெனச்சு பண்ண ஃபைல் அது. இ100 (கிட்டத்தட்ட முழுக்க எத்தனால்) கிடைக்கற பங்க்ல போய் ஒரு கணக்கு வச்சு பாதி அது, பாதி சாதா பெட்ரோல்னு ஊத்தி ஓட்டிட்டு இருந்தான், வண்டி நல்லாத்தான் போச்சு. ஒரு நாள் கிருஷ்ணகிரி பக்கம் கல்யாணத்துக்கு போயிருக்கான், டாங்க் காலி, கெடச்ச பங்க்ல ஃபுல்லா சாதா பெட்ரோல் போட்டுட்டு அதே ஃபைல்ல திரும்பி வந்திருக்கான். எத்தனாலுக்கு முன்னாடி தள்ளி வச்ச டைமிங், ஏத்தின பூஸ்ட், உள்ள இருக்கறதோ இ20. நாக் சென்சார் ஓரளவுக்குத்தான் டைமிங்க பின்னாடி இழுக்கும், அதுக்கு மேல அதால என்ன பண்ண முடியும்? கம்ப்ரஷன் பார்த்தா மத்த ரெண்டு சிலிண்டர் சரியா இருக்கு, மூணாவதுல பாதி கூட இல்ல, தொறந்து பார்த்தா பிஸ்டன்ல ரிங் உக்கார்ற எடமே ஒடஞ்சிருந்தது. அந்தப் பையனோட அம்மா கூட வந்திருந்தாங்க, "இன்னும் மூணு வருஷம் டியூ கட்டணும்பா"ன்னு சொல்லிட்டு அதுக்கப்புறம் ஒண்ணுமே பேசல. எனக்கு அன்னிக்கு சாப்பாடே இறங்கல. ஈ.சி.யூல கை வச்சதால வாரண்டியும் கெடைக்கல.

பிரேசில்ல 2003லேர்ந்து ஃபிளெக்ஸ் வண்டி விக்கறாங்க, எந்த கலவை ஊத்தினாலும் அந்த வண்டி தானே கண்டுபிடிச்சு மாத்திக்கும். நம்ம டியூனிங்ல அதுக்கு பெட்ரோல் குழாய் நடுவுல ஒரு எத்தனால் சென்சார் வைப்போம், அது சதவீதத்தை அளந்து ஈ.சி.யூவுக்கு சொல்லும், ஈ.சி.யூ அதுக்கு ஏத்த மாதிரி ஊத்தற அளவையும் டைமிங்கையும் மாத்தும். டியூன் பண்றவங்க சென்சார் வைக்காம எத்தனால் ஃபைல் ஏத்தவே கூடாது, கூட பத்தாயிரம் சம்பாதிக்கறதுக்காக ஒருத்தன் வண்டிய பலி கொடுக்காதீங்க. பைபாஸ்ல மிதிச்சு பாக்காம டைனோல (வண்டிய நிறுத்தி வச்சே ஓட்டி சக்திய அளக்கற மெஷின்) வச்சு, சென்சார் அளவுகளை லாக்கா பதிவு எடுத்து, டைமிங்க ஒரு டிகிரி ஒரு டிகிரியா ஏத்துங்க. ஃபியூயல் ஃபில்டரையும் பாருங்க, பழைய டாங்க்ல படிஞ்சிருக்கற அழுக்கை எல்லாம் எத்தனால் கரைச்சு கொண்டு வந்துடும். சில்க் போர்டு டிராஃபிக்ல தெனம் நாலு கிலோமீட்டர் ஓட்டறவங்க ஆயிலையும் சீக்கிரம் மாத்தணும், இன்ஜின் சூடாகறதுக்குள்ள ஆஃப் பண்ணா எத்தனால் ஆயிலோட கலந்துடும். டிசம்பர் காலைல 15 டிகிரி குளிர்ல எத்தனால் அதிகமா இருக்கற வண்டி சட்டுனு ஸ்டார்ட் ஆகாது, பிரேசில்ல அதுக்குன்னே தனியா சின்ன பெட்ரோல் டாங்க் வச்ச வண்டிங்க ரொம்ப காலம் ஓடிச்சு.

இப்போ நம்ம ஊரு விஷயத்துக்கு வர்றேன். இ20 பெட்ரோலை பிரதமர் 2023 பிப்ரவரி 6ஆம் தேதி நம்ம பெங்களூருலதான் தொடங்கி வச்சார். அடுத்த வருஷம் மார்ச்ல இ100 வந்துச்சு, கர்நாடகா, தமிழ்நாடு உட்பட சில மாநிலத்துல விக்கறாங்க. எத்தனால் கலக்காத பெட்ரோலும் வேணும்னு போட்ட பொதுநல வழக்கை சுப்ரீம் கோர்ட் 2025 செப்டம்பர் 1ஆம் தேதி தள்ளுபடி பண்ணிடுச்சு. அப்போ பழைய பெட்ரோல் திரும்பி வராதுன்னு வச்சுக்குவோம். கரும்பு விவசாயிக்கு காசு போகுது, வெளிநாட்டு எண்ணெய் கொஞ்சம் கொறையுதுன்னா எனக்கும் சந்தோஷம்தான். ஆனா என் ஏரியால மூணு பங்க்ல கேட்டேன், "இதுல எத்தனை சதவீதம்பா?"ன்னு, ஒரு பங்க்ல கூட சரியான பதில் இல்ல, போர்டும் கண்ணுல படல. இ100ன்னு எழுதினதுலகூட முழுக்க எத்தனால் இல்ல, கொஞ்சம் பெட்ரோலும் சேர்த்துதான் வருது, இது தெரியாம பசங்க பாதிக்கு பாதின்னு கணக்கு போடறாங்க.

பம்ப் மேல பெரிய எழுத்துல சதவீதம் போடணும், பில்லுல ஒரு வரி அச்சடிக்கணும், இவ்ளோதான் நான் கேக்கறது. நாங்களே ஒரு கண்ணாடி குழாய்ல 80 மில்லி பெட்ரோல், 20 மில்லி தண்ணி ஊத்தி நல்லா குலுக்கி கொஞ்ச நேரம் வச்சுப் பாக்கறோம், எத்தனால் தண்ணியோட சேர்ந்து கீழ எறங்கிடும், தண்ணி கோடு 20லேர்ந்து 36 கிட்ட வந்தா 20 சதவீதம். வீட்டுக்குள்ள இத பண்ணாதீங்க, காத்தோட்டமா இருக்கணும், பக்கத்துல நெருப்பு, பீடி எதுவும் இருக்கக்கூடாது. காசு குடுத்து வாங்கற ஒருத்தன் இப்படி குழாய் வச்சு குலுக்கிப் பார்த்தா தான் என்ன வாங்கினோம்னு தெரிஞ்சுக்கணுமா? உங்க நிருபர் யாராவது ஒரு நாள் கராஜுக்கு வந்தா, நாலு பங்க் பெட்ரோலை வாங்கிட்டு வந்து அவங்க கண்ணு முன்னாடியே பண்ணிக் காட்டறேன், வர்ற அளவை அப்படியே பேப்பர்ல போடுங்க.

இப்படிக்கு,
ஒரு மெக்கானிக் வாசகர்,
மத்திகெரே, பெங்களூரு