காலி மருந்து பாட்டிலுக்கு யார் பொறுப்பு? வேளாண்மைத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் வேளாண்மை – உழவர் நலத்துறைச் செயலர் அவர்களுக்கு,

வணக்கம்.

பூச்சிமருந்துக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டமும் 1971-ஆம் ஆண்டின் விதிகளும் பதிவு, உரிமம், லேபிள், இருப்பு என்று உரக்கடை வாசல்வரை மருந்தின் கூடவே வருகின்றன. பாட்டில் காலியான பிறகு அதைக் கேட்க ஆளில்லை. வரப்பிலும் மோட்டார் கொட்டகையிலும் திண்ணைக்கு அடியிலும் கிடக்கும் அந்தக் காலி பாட்டில்தான் குழந்தையின் கைக்கு எட்டுகிறது. அதைப் பற்றியே இந்த மடல்.

2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்தில், கண்டாமன் கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்துபோனார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்ததைத் தடயவியல் ஆய்வு காட்டியது. பூச்சிமருந்து இருந்த கலனில் எண்ணெயை வைத்திருக்கலாம் என்பதே அப்போது காவல்துறை சொன்ன விளக்கம். அந்த மருந்தைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை வந்துவிட்டது. ஆனால் வேறு பயிருக்கு அனுமதி இருந்ததால் அது கடையில் இருந்தது, வீட்டிலும் இருந்தது. 36 விழுக்காட்டுக் கரைசலை நிறுத்தும் மத்திய அரசின் ஆணை 2023-இல்தான் வந்தது.

கொடிய மருந்துகளைச் சந்தையிலிருந்து எடுப்பதே முதல் பாதுகாப்பு. இலங்கை 1995-இல் உலக சுகாதார நிறுவனம் மிகக் கொடியவை என்று முதல் வகுப்பில் வைத்த மருந்துகளையும், 1998-இல் எண்டோசல்பானையும், 2008-க்குப் பிறகு பாராகுவாட் என்ற களைக்கொல்லி முதலியவற்றையும் படிப்படியாக நிறுத்தியது. நஞ்சால் நேர்ந்த சாவுகள் அங்கே வெகுவாகக் குறைந்தன. நம் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. சட்டத்தின் 27-ஆம் பிரிவு மாநில அரசுக்குக் கொடுப்பது 60 நாள், நீட்டித்தால் மேலும் 30 நாள் வரையிலான தற்காலிகத் தடை மட்டுமே. மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட சில மருந்துகளுக்கு அதைத் தமிழ்நாடு பயன்படுத்தியதும் உண்டு. ஆனால் காலி பாட்டிலைத் திரும்பப் பெறுவதற்கு இந்தத் தடை அதிகாரம் தேவையில்லை. துறை நினைத்தால் இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம்.

காலி என்று நாம் சொல்லும் பாட்டிலில் என்ன இருக்கிறது? குளோர்பைரிபாஸ் 20 ஈசி, அதாவது 20 விழுக்காடு நஞ்சுள்ள பூச்சிமருந்துக் கரைசல், ஒரு லிட்டர் பாட்டிலைக் கவிழ்த்து ஊற்றிய பிறகு 10 மில்லி ஒட்டியிருப்பதாகக் கொள்வோம். அதில் 2 கிராம் நஞ்சு இருக்கிறது. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கும் 60 கிலோ எடையுள்ள பெரியவருக்கும் ஒரே அளவு உள்ளே போனால், குழந்தையின் உடலில் ஒரு கிலோவுக்கு ஐந்து மடங்கு நஞ்சு சேரும். ஆர்கனோபாஸ்பேட் எனப்படும் இந்த வகை மருந்தைச் சிதைக்கும் நொதியும் சிறு குழந்தைகளின் இரத்தத்தில் குறைவு.

அதே பாட்டிலை மூன்று முறை அலசினால் கணக்கே மாறிவிடும். மருந்தைத் தெளிப்பான் டேங்கில் ஊற்றி, சொட்டு நிற்கும்வரை அரை நிமிடம் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். கால் பங்கு, அதாவது 250 மில்லி நல்ல தண்ணீர் விட்டு, மூடியை இறுக்கி, அரை நிமிடம் குலுக்கி, அந்தத் தண்ணீரையும் டேங்கிலேயே ஊற்ற வேண்டும். இப்படி மூன்று தடவை. ஒவ்வொரு முறையும் 10 மில்லி தங்கினாலும் நஞ்சு 26-இல் ஒரு பங்காகக் குறையும். மூன்றாவது அலசலுக்குப் பின் மிஞ்சுவது ஏறத்தாழ 0.1 மில்லிகிராம். ஒட்டிய மருந்தும் பயிருக்கே போவதால் உழவருக்கு நட்டமில்லை. மருந்து கலக்கும்போதே அலச வேண்டும். மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் காய்ந்து பிடித்துக்கொள்ளும். வாய்க்காலில் அலசுவது கூடவே கூடாது. கடைசியில் அடியில் ஆணியால் துளை போட வேண்டும். எண்ணெய்க் கரைப்பானில் வரும் மருந்து பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறிவிடும். ஆகவே எத்தனை முறை கழுவினாலும் அந்தப் பாட்டில் குடிநீருக்கோ எண்ணெய்க்கோ ஆகாது. துளை போட்டால்தான் அந்த ஆசை வராது.

அதன் பிறகு? 1971 விதிகளில் 44-ஆம் விதி, காலிக் கலன்களை மறுபடி எடுத்துப் புழங்க முடியாதபடி உடைத்து, குடியிருப்புக்குத் தள்ளிப் புதைக்கச் சொல்கிறது. அரை ஏக்கர் குத்தகை நிலத்தில் பயிர் செய்பவர் எங்கே போய்ப் புதைப்பார்? எரித்தால் புகை, பழைய இரும்புக்கடையில் போட்டால் மறுபடியும் யாரோ ஒருவர் வீட்டுக்கு. பிரேசிலில் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் உழவர், கடைக்காரர், உற்பத்தியாளர் மூவருக்கும் பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தது. இன்று அங்கே பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் கலன்கள் திரும்பி வருகின்றன. அவ்வளவு தூரம் போவானேன்? மதுப் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்ததும் திருப்பித் தரும் முறையை 2022-இல் நீலகிரியில் டாஸ்மாக் தொடங்கி, பிற மாவட்டங்களுக்கும் கொண்டுபோனதே! நஞ்சு இருந்த பாட்டிலுக்கு அந்த அக்கறை வேண்டாமா?

உரிமம் உள்ள ஒவ்வொரு கடையும், மருந்து விற்கும் ஒவ்வொரு கூட்டுறவுக் கடன் சங்கமும் முன்பணம் வாங்கி, அலசித் துளையிட்ட பாட்டிலைப் பெற்றுக்கொண்டு அதைத் திருப்பித் தரட்டும். சேர்ந்ததை எடுத்துச் செல்லும் செலவு உற்பத்தி நிறுவனங்களுடையது.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது: சில்லறை விற்பனை. 20 சென்ட் கத்தரிக்கு 50 மில்லி போதும் என்பவருக்குக் குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் விதிகளுக்கு நேர் எதிரானது. குழந்தை அதைக் குடிக்கப் பார்க்கும் என்பது ஒன்று. லேபிள் போய்விடுவது மற்றொன்று, அதுவும் அதே அளவு ஆபத்து. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணத்தோடு, எந்த நஞ்சு, என்ன மாற்றுமருந்து என்பதும் அந்த லேபிளில்தான் இருக்கிறது. கண்மணி சுருங்கி, எச்சில் வழிந்து, மூச்சுத் திணறி வரும் குழந்தைக்கு ஆர்கனோபாஸ்பேட் என்று தெரிந்தால் மருத்துவர் உடனே அட்ரோபின் தொடங்குவார். பாராகுவாட்டுக்கு மாற்றுமருந்தே கிடையாது. தேவையில்லாமல் ஆக்சிஜன் கொடுத்தால் நுரையீரல் மேலும் கெடும். பெயரில்லாத பாட்டிலோடு வரும் தாயிடம் மருத்துவர் எதைக் கேட்பார்? பூச்சிமருந்து ஆய்வாளர்கள் தரம் பார்க்க மாதிரி எடுப்பதோடு இந்தச் சில்லறை விற்பனையையும் பிடிக்க வேண்டும். சிறு அளவுப் பொட்டலங்களும், குழந்தையால் திறக்க முடியாத மூடியும் வேண்டுமென்று நிறுவனங்களிடம் துறை கேட்க வேண்டும்.

பருத்திக்கு மருந்தடிப்பு அதிகமுள்ள பெரம்பலூரில், அடுத்த பருவத்துக்கு முன்பே பாட்டில் திரும்பப் பெறும் திட்டத்தைத் தொடங்குங்கள். எத்தனை விற்றது, எத்தனை திரும்பியது என்ற கணக்கை மாதந்தோறும் வேளாண் விரிவாக்க மையங்களில் ஒட்டுங்கள். அந்த எண்ணிக்கைக்காகக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
பயிர்ப் பாதுகாப்பிலும் குழந்தைகள் நலத்திலும் பணியாற்றுவோர்